மாவு மில் லுக்மான் செத்த செய்தி

லானி டாலிவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் கிளார்க்ஸ்வில்லில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எல்லாம் அந்த அக்டோபர் மாதக் காலையில் அவன் தோண்டிக்கொண்டிருந்த செப்டிக் டேங்குக் குழி ஓரம் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆறடி ஆள். ஜேசிபி இருக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கெல்லாம் திடுக்கிட்டுக்கொண்டிருந்தான்.

வந்தது ஒரு குரல் செய்தி. அனுப்பியவன் தில்கேஷ். சிரியாவின் வடக்கு எல்லையில் கிரே ஹெஷீன் என்ற சின்ன ஊரைக் காக்கிற குர்து போராளி. ராணுவத்தில் இருந்தபோது லானி அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், ஒரே கம்பளியில் படுத்தவன். அந்த ஊரில் லானிக்கு லுக்மான் என்று பெயர். தில்கேஷின் அம்மா கெஸால் வைத்த பெயர் அது. அவள் வாயில் லானி நுழையவில்லை, அவ்வளவுதான்.

"லுக்மான் தோழர், நல்லாருக்கியா? இங்க காலையிலேருந்து குண்டு போடறாங்க. ரோடு அடைபட்டுப் போச்சு. பொழுது சாஞ்சதும் எங்கம்மா, ஊருப் பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாரையும் மாவு மில்லுக்குக் கீழ இறக்கிடறேன். நீ எங்களுக்காக மிச்சம் வச்சியே, அந்தச் சுரங்கத்துலதான். உன் புண்ணியத்துல அது ஒண்ணாவது இருக்கு. ட்ரோன் போனை மோப்பம் புடிக்குது, அதனால ஆஃப் பண்ணிடறேன். விடிஞ்சா பேசறேன்."

கேட்டு முடித்ததும் லானி பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினான். "அங்க போகாத. மில்லுக்குப் போகாத. வேற எங்கயாவது போ" என்று பேசி அனுப்பினான். ஒற்றை டிக் விழுந்தது. இன்னொரு தடவை அனுப்பினான். அதற்கும் ஒற்றை டிக். அழைத்துப் பார்த்தான், ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இங்கே காலை என்றால் அங்கே சாயங்காலம் நெருங்குகிறது என்று அர்த்தம். பொழுது சாய அங்கே கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஏன் போகக்கூடாது என்று சொல்ல வேண்டுமானால் லானியின் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவன் அப்பா விர்ஜில் மண் வெட்டும் இயந்திரம் வைத்திருந்தவர். கம்பர்லாண்ட் ஆற்றோரம் பாதி வீடுகளுக்கு அஸ்திவாரக் குழி அவர் தோண்டியதுதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு லானி ராணுவத்தில் சேர்ந்தான், அங்கேயும் கையில் கொடுத்தது ஜேசிபிதான். இருபது வருஷத்தில் அவன் துப்பாக்கியை நீட்டியதைவிட மண்ணைத் தள்ளியதுதான் அதிகம். பதுங்குகுழி வெட்டுவான், கண்ணிவெடி கிடக்கும் பாதையைச் சுரண்டுவான், செத்தவர்களுக்கும் குழி வெட்டுவான். வீட்டுக்கு வந்தால் மனைவி மார்லாவின் தோட்டத்தில் தக்காளிக்கு வரப்பு போடுவான். மனுஷனுக்கு மண்ணைத் தவிர வேறு சிந்தனை கிடையாது.

கடைசியாகப் போனது சிரியாவுக்கு. தாடிக்காரப் பயல்கள் தலையை வெட்டிக்கொண்டு திரிந்த காலம். அவர்களை ஊர் ஊராக விரட்டியது யார் என்று கேட்டால் லானி கூச்சமில்லாமல் சொல்வான்: "நாங்க மேலேருந்து குண்டு போட்டோம். கீழ இறங்கிச் செத்தது குர்துக்காரங்க." அவன் படைப்பிரிவில் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். தில்கேஷின் அண்ணன் அந்தச் சண்டையில் போய்ச் சேர்ந்தான். தங்கை போய்ச் சேர்ந்தாள். கெஸாலுக்கு மிஞ்சியது ஒரே மகன்.

தாடிக்காரர்கள் அடங்கிய பிறகு ஒரு கோடையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் துருக்கி கோபமாக இருக்கிறது, அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும், குர்துக்கள் எல்லையோரம் வெட்டிய பதுங்குகுழி, சுரங்கம் எல்லாவற்றையும் அவர்களே மூடிவிட வேண்டும். மூடினால் நாங்கள் காவல். இதுதான் பேச்சு. மூடுகிற ஜேசிபியில் உட்கார்ந்திருந்தது லானி. பக்கத்தில் நடந்து வந்து ஒவ்வொரு வாயாகக் காட்டிக்கொடுத்தது தில்கேஷ். ராத்திரி பகலாகக் கையால் தோண்டியதைத் தானே காட்டிக்கொடுத்து மூடச் சொல்வதென்றால் வயிறு எரியாதா? அவன் முகத்தைப் பார்க்கவே லானிக்குக் கஷ்டமாக இருந்தது.

"இதெல்லாம் மூடிட்டா நாளைக்கு எவனாவது வந்தா நாங்க எங்க போறது, லுக்மான்?"

"நான் இருக்கேன்ல."

"நீ இருப்ப. உன் கவர்மெண்ட்டு இருக்குமா?"

"யோவ், இருக்கும்யா. சும்மா கிட."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாவு மில்லுக்குக் கீழே இருந்த சுரங்கத்துக்கு வந்தபோது லானி வாய் ஓரம் மட்டும் ரெண்டு வாளி மண் போட்டு மெழுகினான், உள்ளே அப்படியே விட்டுவிட்டான். தில்கேஷ் அவன் தோளைத் தட்டினான். கெஸால் அன்றைக்குத் தந்தூர் ரொட்டியில் எள்ளுத் தூவிச் சுட்டுக் கொடுத்தாள்.

அதோடு விட்டிருந்தால் சரி. இவர்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருக்கிறது, ரத்தத்தில் ஊறிப்போனது. நிலத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டாக வேண்டும். கனரக வண்டி மேலே ஏறினால் பூமி உள்வாங்கிவிடும். ஈராக்கில் ஒரு தடவை அப்படி வட்டம் போடாத இடத்தில் வண்டி உள்ளே போய், லானி கண் முன்னாலேயே ரெண்டு பேர் மண்ணுக்குள் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அதிலிருந்து வட்டம் போடாமல் அவனுக்குத் தூக்கம் வராது. மாவு மில்லுக்கும் போட்டான். யோசித்துப் போடவில்லை, கை தானாகப் போட்டுவிட்டது.

இரண்டு வாரம் கழித்து துருக்கிக்காரர்களோடு கூட்டு ரோந்து. மூடினதைக் காட்ட வேண்டுமாம். வண்டியின் பானெட் மேல் அந்த வரைபடத்தை விரித்து வைத்தார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவன் குனிந்து பார்த்தான், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். லானிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. நாம்தான் இங்கேயே இருக்கிறோமே, எவன் வரப்போகிறான் என்று விட்டுவிட்டான். செப்டம்பரில் சர்வீஸ் முடிந்து ஊருக்கு வந்தான். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துருக்கி வரட்டும், நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம் என்று இங்கிருந்து சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பேரையும் நட்டாற்றில் விட்டாயிற்று.

சுரங்கம் எல்லாம் மூடியாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்று. எதிரி கையிலிருக்கும் படத்தில் சிவப்பு வட்டம் இருப்பதும் அந்த ஒன்றில்தான். பொழுது சாய்ந்ததும் அதற்குள்தான் ஊரே இறங்கப் போகிறது.

லானி ஜேசிபியை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் தன் பழைய கேப்டனைக் கூப்பிட்டான். கேப்டன் இன்னும் சிரியாவில்தான் இருந்தார், பின்வாங்கிப் போன முகாம் ஒன்றில்.

"சார், நான் டாலிவர். கிரே ஹெஷீனுக்கு ஒரு தகவல் போகணும். ரேடியோவுல சொல்லுங்க. மாவு மில்லுக்குள்ள யாரும் போகக்கூடாது."

கேப்டன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"லானி, அவங்களோட பேசக்கூடாதுன்னு உத்தரவு. அவங்க ரேடியோ லைனையே எங்ககிட்டேருந்து எடுத்துட்டாங்க."

"சார், பொம்பளைங்க, குழந்தைங்க சார்."

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? நாங்க கிளம்பி வரும்போது ரோட்டுல நின்னு வண்டி மேல உருளைக்கிழங்கை விட்டு அடிச்சாங்க. அழுகின உருளைக்கிழங்கு. என் கண்ணாடியில பட்டு வழிஞ்சுது. துடைக்கக்கூட எனக்குக் கை வரல." குரல் கம்மிவிட்டது. "என்னால முடியாது லானி. போனை வை. வச்சிடுப்பா."

வைத்துவிட்டான். மார்லாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் பள்ளிக்கூட கேண்டீனில் வேலை செய்பவள், நாலு பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே நிதானமாகக் கேட்டாள்.

"அந்த ரொட்டிக் கடைக்காரர் தங்கச்சியை அந்தப் பக்கம்தான கட்டிக்கொடுத்திருக்குன்ன?"

"தஹ்சீன் அண்ணன்கிட்டயா? அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது, மார்லா?"

"மூஞ்சியைப் பார்க்கிற நேரமாடா இது? கிளம்பு."

தஹ்சீன் ரொட்டிக் கடை நாஷ்வில்லின் தெற்குப் பக்கம். அந்தத் தெருவில் பாதிப் பேர் குர்துக்கள்தான், ஈராக்கிலிருந்து வந்தவர்கள். ஊருக்குத் திரும்பியதிலிருந்து வாரம் ஒருநாள் லானி அங்கே ரொட்டி வாங்கப் போவான், அரைகுறை குர்து பேசுவான், தேநீர் குடிப்பான், தஹ்சீன் அவன் உச்சரிப்பைக் கேலி செய்து சிரிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் லானி அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. இப்போது வண்டியை அங்கேதான் விட்டான். சாலையில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். ஒற்றை டிக். அங்கே கெஸால் இந்நேரம் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருப்பாள், பிள்ளைகளுக்கு ரொட்டியை மூட்டை கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க வண்டியை இன்னும் வேகமாக விரட்டினான்.

கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. புகை, புழுதி, லாரி மேல் மெத்தையோடு ஓடுகிற ஜனம். அடுப்பு முன்னால் நின்ற தஹ்சீன் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், மாவு படிந்த மீசை.

"வாங்க, வாங்க. வழி தெரிஞ்சுதா?"

"அண்ணே..."

"எங்கப்பா காலத்துல ஈராக்குல எங்க ஜனத்தை ஒரு தடவை நம்ப வச்சு விட்டுட்டுப் போனீங்க. அப்புறம் எனக்கு இருபது வயசுல ஒரு தடவை. அப்ப தப்பிச்சு ஓடின மலை மேல பனியில என் மொத புள்ளையைப் புதைச்சிட்டு வந்தேன். இப்ப இவங்க. கைவிடறதுக்குன்னு உங்க ஊர்ல தனியாப் பள்ளிக்கூடம் வச்சு நடத்துறீங்களா, தம்பி?"

லானி தலையைக் குனிந்துகொண்டான். "என்னை நாளைக்கு வந்து செருப்பால அடிங்க அண்ணே, வாங்கிக்கிறேன். இன்னைக்கு எனக்கு ஒரு உதவி வேணும். பொழுது சாயறதுக்குள்ள."

சொன்னான். சிவப்பு வட்டத்தையும் சேர்த்துத்தான் சொன்னான், ஒளிக்கவில்லை. கேட்கக் கேட்க தஹ்சீன் முகத்தில் இருந்த எகத்தாளம் எல்லாம் இறங்கிவிட்டது. அடுப்பிலிருந்த ரொட்டி கருகும் வாசனை வந்தது, இருவருமே எடுக்கவில்லை.

தஹ்சீனின் தங்கை குல்ஸார் கமிஷ்லி நகரத்தில் இருந்தாள். அவள் புருஷனுக்குச் சித்தப்பா ஒருவர், கிரே ஹெஷீனுக்குப் பக்கத்து ஊர் மசூதியில் முல்லா. அவர் வீட்டில் பழைய கம்பித் தொலைபேசி இன்னும் உயிரோடு இருந்தது. தஹ்சீன் தங்கையைக் கூப்பிட்டார், எட்டாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள்.

"ஆளை அனுப்பிச் சொல்ல முடியுமான்னு கேளுங்க" என்றான் லானி.

தஹ்சீன் கேட்டுவிட்டு முடியாது என்று தலையாட்டினார். "ரெண்டு ஊருக்கும் நடுவுல வெட்டவெளி. தலை தெரிஞ்சா சுடறாங்களாம். ஆனா மசூதி ஸ்பீக்கர் அந்த ஊருக்குக் கேக்கும். அஞ்சு வேளை பாங்கும் அதுலேருந்துதான் அவங்களுக்கு."

"அப்ப ஸ்பீக்கர்ல சொல்லச் சொல்லுங்க. மில்லுக்குப் போகாதீங்கன்னு."

"அறிவு இருக்கா? மில்லுக்குப் போகாதீங்கன்னு ஊரறியக் கத்தினா, மில்லுக்கு யாரோ போறாங்கன்னு அந்தப் பக்கமும்தான் கேக்கும். பொழுது சாயற வரைக்கும் அவன் காத்துக்கிட்டா இருப்பான்?"

லானி பேந்தப் பேந்த முழித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். தஹ்சீன் மீசையைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"எங்க ஊருல ஸ்பீக்கர்ல என்ன சொன்னாலும் எவனும் காது கொடுக்கமாட்டான், சாவுச் செய்தியைத் தவிர. யாரு செத்தா, துக்கம் எந்த இடத்துல கேக்கறாங்க, அதுக்கு மட்டும் சண்டைக்கு நடுவுலயும் நின்னு கேப்பாங்க. யாராவது ஒருத்தர் சாகணும், தம்பி. மில்லு பேரைக் கேட்டதும் உங்க ஆளுக்கு உறைக்கிற மாதிரி ஒருத்தர்."

"நான் செத்துடறேன்" என்றான் லானி.

தஹ்சீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த ஊருல எனக்கு லுக்மான்னு பேரு. மாவு மில் லுக்மான் செத்துட்டான், துக்கம் கேக்க மில்லுக்கு யாரும் வரவேண்டாம், தெற்கே கானி கெவ் ஊருக்கு வாங்கன்னு சொல்லுங்க. இன்னைக்குக் காலையில எனக்குச் செய்தி அனுப்பினவன் தில்கேஷ். நான் இங்க ஊருல இருக்கேன்னும், மில்லுக்கும் என் சாவுக்கும் சம்பந்தமில்லைன்னும் அவனுக்குத் தெரியும். ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு யோசிப்பான். அவன் மூளைக்காரன்."

"யோசிக்கலைன்னா?"

லானி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான்.

தஹ்சீன் தங்கையிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நடுவில் கையால் வாயைப் பொத்தியபடி லானியிடம் கேட்டார்: "உங்கப்பா பேரு? அப்பன் பேரு இல்லாம எந்தச் சாவையும் சொல்லமாட்டாங்க."

"விர்ஜில்."

"அது வேலைக்காகாது. அப்துல்லா மகன்னு சொல்லிடறேன்." தங்கையிடம் கடைசியாக ஒன்று சொன்னார்: "முல்லாவுக்கு உண்மை தெரிய வேண்டாம். பொய்யின்னு தெரிஞ்சா மனுஷன் மைக்கைத் தொடமாட்டார். நிஜமாவே செத்துட்டான்னு சொல்லு. கொஞ்சம் அழுதுக்கிட்டே சொல்லு."

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தஹ்சீன் கடைக் கதவைச் சாத்தினார், தேநீர் போட்டார், ரெண்டு கிளாஸும் ஆறிப்போனது. லானி மாவு மூட்டை மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருவேளை குல்ஸார் சொல்லச் சொல்ல லைன் அறுந்திருந்தால்? ஒருவேளை முல்லா ஊரைவிட்டு ஓடியிருந்தால்? கரண்டு இல்லையென்றால் ஸ்பீக்கர் எப்படிப் பேசும்? காற்று எதிர்ப்பக்கம் அடித்தால்? இத்தனை பயம் இத்தனை தினுசாக ஒரு மனுஷனுக்குள் இருக்க முடியும் என்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

குல்ஸார் திரும்பக் கூப்பிட்டாள். முல்லா மூன்று தடவை சொல்லிவிட்டாராம். பேட்டரியில் ஓட்டினாராம். நல்ல மனுஷன் போய்விட்டானே என்று அவரும் கண் கலங்கினாராம்.

"அங்க வெளிச்சம் இருக்கா?" என்று கேட்டான் லானி.

"மங்கிடுச்சாம்" என்றார் தஹ்சீன்.

அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அடுத்த நாளும் தெரியவில்லை. லானி பாதி தோண்டிய குழிக்குத் திரும்பிப் போனான். இயந்திரத்தைக் கிளப்புவான், வாளி மண்ணுக்குள் இறங்கும், உடனே நிறுத்திவிட்டு இறங்கி வந்து குழிக்குள் எட்டிப் பார்ப்பான். வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மார்லாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் சோள ரொட்டியைக் கையில் எடுத்தால் எள்ளு ரொட்டி ஞாபகம் வந்துவிடும், வைத்துவிடுவான். அவனோடு அங்கே வேலை பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்த வாரம் அடிக்கடி போன் பண்ணிக்கொண்டார்கள். அழைப்பது, சும்மா இருப்பது, "சரிடா, பார்த்துக்கோ" என்று வைப்பது. ஒருத்தன் தன் சட்டையில் தைத்திருந்த குர்துக்களின் துணிப் பட்டையைப் பிரித்து எடுத்துவிட்டானாம். கோபத்தில் அல்ல, அதைப் போட்டுக்கொள்ள இனி யோக்கியதை இல்லை என்றானாம்.

ஒரு மத்தியானம் கைப்பேசியில் இரண்டாவது டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தில்கேஷின் குரல் வந்தது. பின்னால் லாரி சத்தம், குழந்தைகள் அழுகிற சத்தம். லானி ஜேசிபியிலிருந்து இறங்கி, ஈர மண்ணில் உட்கார்ந்து கேட்டான்.

"தோழர், மில்லு இப்ப இல்ல. இருட்டினதும் மொத குண்டு நேரா அது மேலதான் விழுந்துது. கூரை, கீழ, எல்லாம் போச்சு. நாங்க பருத்திக் காட்டுக்குள்ள படுத்துக்கிட்டுப் பார்த்தோம். ஒருத்தரும் அங்க இல்ல. அதுக்குள்ள எல்லாரையும் தெற்கே திருப்பிட்டேன். ஸ்பீக்கர்ல உன் பேரைக் கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அந்த இடம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு வழி முழுக்க யோசிச்சேன். யோசிச்சுக் கண்டுபிடிச்சிட்டேன். உன்கிட்டக் கேக்கப் போறதில்ல."

லானி கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

"எங்கம்மா மட்டும் நீ செத்துட்டன்னு நம்பிட்டா. தலைத் துணியை அவுத்துப் போட்டுட்டு, நெஞ்சுல அடிச்சுக்கிட்டே நடந்தா. என் தங்கச்சி போனப்பக்கூட அவ்வளவு அழல. 'லுக்மான் செத்துட்டான், அதான் வரல. உசுரோட இருந்திருந்தா நம்மளை விட்டிருப்பானா'ன்னு ஊரு முழுக்கச் சொல்லிக்கிட்டு வந்தா. அதைக் கேட்டு மத்தப் பொம்பளைங்களும் அழுதாங்க. நீ உசுரோட இருக்கன்னு நான் சொல்லல, தோழர். சொல்லமாட்டேன்."

லானி பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினான். வாயைத் திறந்தான். அப்புறம் விரலை எடுத்துவிட்டான்.

குளிர்காலம் வந்தது. கெஸாலும் மற்றவர்களும் ஹசக்கா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று குல்ஸார் சொன்னாள். தஹ்சீன் அவனை இன்னும் செருப்பால் அடிக்கவில்லை. கேலியும் செய்வதில்லை, அதுதான் லானிக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வாரம் ஒருநாள் போவான், பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை எல்லாம் விட்டுவிட்டு அங்கே போய் மாவு மூட்டை இறக்கிக் கொடுப்பான்.

அப்படி ஒருநாள் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது தஹ்சீனின் கைப்பேசி அடித்தது. குல்ஸார் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டியும் போர்வையும் கொண்டுபோயிருந்தாள். அண்ணனுக்கு நன்றி சொல்ல ஓர் அம்மா ஆசைப்படுகிறாள் என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பினாள். திரையில் கெஸாலின் முகம் வந்தது.

தஹ்சீன் ஒளியச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். லானி, அந்த ஆறடி ஆள், இரண்டு போருக்குப் போய் வந்தவன், கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். தன் மூச்சுச் சத்தம் கேட்டுவிடுமோ என்று வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"உங்க தங்கச்சி நல்லாருக்கணும்" என்றாள் கெஸால். "எங்க லுக்மான் உங்க ஊருக்காரன்தானாமே. நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்மா. ரொட்டி வாங்க வருவான்."

"எள்ளு ரொட்டின்னா உசுரை விடுவான்." தலைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடக்கம் ஒழுங்காப் பண்ணாங்களா? மண்ணு நல்லா நெறையப் போட்டாங்களா? உள்ள பொத்தலா விட்டா மழையில இறங்கிடும்."

தஹ்சீன் மூட்டைகளின் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"போட்டாங்கம்மா. நல்லா மூடிட்டாங்க."

"அப்ப சரி" என்றாள் கெஸால்.

அப்புறம் அவள் கடையைக் காட்டச் சொன்னாள். அடுப்பைப் பார்க்க வேண்டுமாம். தஹ்சீன் கைப்பேசியை மெல்லத் திருப்ப ஆரம்பித்தார். லானி மூட்டைக்குப் பின்னால் இன்னும் கீழே குறுகிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.